தங்கள் காரின் உட்புறம் தொடர்பாக

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும், தங்கள் மருமகளாகிய என் மகளும், தங்கள் இளைய மகனாகிய எங்கள் மாப்பிள்ளையும் நலம். அங்கு மூத்த மகன் வீட்டில் தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் காரும் நலம். அதாவது, வெளிப்புறம் நலம்.

“ஆறு மாசம் இருக்க மாட்டேன், வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைங்க, போதும்” என்று சாவியைக் கொடுத்தீர்கள். அந்தப் ‘போதும்’ என்ற சொல்லை நான் மதித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. முதல் வாரம் ஸ்டார்ட் செய்துவிட்டுச் சும்மா இருக்காமல் டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். உள்ளே, கார் புதிதாக வந்தபோது கம்பெனி கொடுத்த கையேடு. அதில் ஒரு வண்ணப்படம்: சிவப்பு சீட்டு, கதவுகளின் உட்புறம் சந்தன நிறம். நிமிர்ந்து பார்த்தால் தங்கள் காரில் எல்லாமே சாம்பல் நிற வெல்வெட். நாற்பது வருடம் நிலம் அளந்து ஓய்வு பெற்றவன் நான்; வரைபடம் ஒன்றும் தரை ஒன்றுமாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்துக்கே காரைக் கொண்டுவந்து தங்களை அசத்திவிடுவது என்று முடிவெடுத்தேன். “என்னங்க, அடுத்தவங்க கார்ங்க” என்று மனைவி சொன்னாள். சம்பந்தி எப்படி அடுத்தவர் ஆவார் என்று அவள் வாயை அடைத்தேன்.

சீட் தைப்பவரை வரவழைத்தேன். வெல்வெட்டை உரித்தார், அடியில் பழுப்பு ரெக்சின். அதையும் உரித்தார்; நீலம். அதற்கும் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழைய துணிக் கிழிசல். அவர் அதை மெரூன் என்றார், மனைவி செங்கல் நிறம் என்றாள், நான் சிவப்பு என்றேன். கிழிசலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறினோம். இதற்குள் விஷயம் கேள்விப்பட்டு, ஊரில் ‘ஒரிஜினல்’ என்று அழைக்கப்படும் ஒருவர் வந்து சேர்ந்தார். பழைய கார்களில் எது அசல், எது மாற்று என்று எல்லாம் தெரிந்தவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். கூப்பிடாமலே தினமும் மாலையில் வருவார். டாஷ்போர்டு கடிகாரத்தை நான் கஷ்டப்பட்டு ஓடவைத்திருந்தேன். “நிறுத்துங்க சார். இந்த மாடல்ல கடிகாரம் பேக்டரியிலேயே ஓடாது” என்றார். நிறுத்தினேன். முன்சீட்டின் தையல் நேராக இருக்கிறதே என்று அடுத்து வருத்தப்பட்டார். தொழிற்சாலைத் தையல் இடது ஓரத்தில் கொஞ்சம் கோணலாம். சீட் தைப்பவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். “முப்பது வருஷமா நேரா தைக்கிறவன் சார் நான். கோணலா தைக்க எனக்குக் கை வராது.” கடைசியில் அந்த ஓரத்தை நானே தைத்தேன். இந்த வேலை முழுவதிலும் முதல் தடவையே சரியாக வந்தது அது ஒன்றுதான்.

உள்ளே பஞ்சு கூடாது, அந்தக் காலத்து ஸ்பிரிங்கும் தேங்காய் நாரும்தான் வேண்டும் என்று ஒரிஜினல் ஒற்றைக்காலில் நின்றார். போட்டோம். சீட் நான்கு அங்குலம் உயர்ந்துவிட்டது. உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கிறது, பள்ளத்தில் இறங்கினால் பல்லும் ஆடுகிறது. “அந்தக் காலத்து ஆளுங்க குள்ளம் சார்” என்று விளக்கினார். தாங்களோ ஆறடி.

நேற்று மகள் வந்தாள். கார் கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

“அப்பா... அந்த வெல்வெட் எங்கே?”

“பழசும்மா. எடுத்தாச்சு.”

“அது அத்தை கையாலயே தைச்சதுப்பா! கால் உடைஞ்சு மூணு மாசம் படுத்திருந்தாங்களே, அப்போ தைச்சது. மாமா அதுல யாரையும் செருப்போட ஏற விடமாட்டார்.”

சம்பந்தி, அந்த நிமிஷமே சீட் தைப்பவர் வீட்டுக்கு ஓடினேன். மூன்று துண்டுகள் கிடைத்தன. நான்காவது துண்டின்மேல் அவருடைய நாய் படுத்திருக்கிறது. இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். இரண்டு முறையும் பல்லைக் காட்டியது. செய்தது பெரிய தவறு. தங்கள் முன்பும், குறிப்பாகச் சம்பந்தியம்மா முன்பும், தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கிறேன். இந்தக் காரில் உட்கார்ந்து பழகியதில் தலை தானாகவே குனிந்துதான் இருக்கிறது. என்மீதுள்ள கோபத்தை என் மகள்மீது காட்டிவிட வேண்டாம்.

அங்குள்ள பேரக்குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகள். தாங்கள் இருவரும் நோய்நொடியின்றி நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்நோக்கும்,
சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் போன் செய்தாள். தாங்கள் அங்கேயே தங்கிவிடப் போவதாகவும், காரை எனக்கே கொடுத்துவிட்டதாகவும் சொன்னீர்களாமே! சம்பந்தியம்மாவும், “அந்த வெல்வெட்ல உட்கார்ந்தாலே எனக்கு வேர்க்கும்” என்றார்களாம். மிக்க மகிழ்ச்சி. ஆகவே மேலே கேட்ட மன்னிப்புகள் அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தலை இடிக்கிற, கடிகாரம் ஓடாத, கோணல் தையல் போட்ட ஒரு காரை, பெண் எடுத்த இடத்துக்கு இப்படித் தள்ளிவிடலாமா?