பாதாளக் குகையில் ஒரு துணைக்குழு

கரையோரக் குடியிருப்பு வசதித் துறை என்று ஒரு துறை தியாகராய நகரில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இயங்கி வந்தது. அதில் கண்காணிப்பாளராக இருந்த மந்தைவெளி பஞ்சாட்சரம், கால் நூற்றாண்டு சர்வீஸில் ஒரு முடிவும் எடுத்தவர் அல்ல. இதை அவர் தற்பெருமை இல்லாமல், ஆனால் சந்தோஷமாகச் சொல்லிக்கொள்வார். வருகிற கோப்பில் ‘மேலிடத்தின் பார்வைக்கு’ என்று எழுதி மேலே அனுப்புவார். மேலிடம் ‘கீழே விவரம் கேட்கவும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பும். ஏறி இறங்கியதில் சில கோப்புகளின் மூலைகள் தேய்ந்து வட்டமாகவே ஆகிவிட்டிருந்தன.

1978 கோடையில் இந்தத் துறைக்குள் அமெரிக்கா நுழைந்தது.

துணை இயக்குநர் ராஜகோபாலனின் தங்கை மகன் ஜவஹர் அங்கே மேற்படிப்புப் படிக்கிறவன். லீவுக்கு அபிராமபுரத்தில் மாமா வீட்டில் வந்து இறங்கினான். அவன் பெட்டியில் ஒரு விளையாட்டு இருந்தது. ஆளுக்கொரு வேஷம் ஏற்றுக்கொண்டு மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் வாயாலேயே குகைக்குள் போய், வாயாலேயே சண்டை போடுவார்கள். அடி விழுந்ததா, தப்பியதா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும்.

அப்போது ஊரில் ‘மேனேஜ்மென்ட்’ என்ற வார்த்தைக்கு ஏக மவுசு. மயிலாப்பூரில் ரசம் வைக்கிறவர்கள்கூட அதை வைக்காமல் மேனேஜ் பண்ணிக்கொண்டிருந்தார்கள். ராஜகோபாலனுக்கு உடனே பொறி தட்டியது.

“அங்கெல்லாம் பெரிய பெரிய கம்பெனில இதை வெச்சுண்டுதான் முடிவெடுக்கவே கத்துக்கறாளா?”

“இல்ல மாமா, ஹாஸ்டல்ல பசங்க பொழுது போகாம…”

“அதேதான்” என்றார் மாமா.

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. ‘தலைமைப் பண்பு மேம்பாட்டு உள்ளரங்கப் பயிற்சி’ ஞாயிறுதோறும் துணை இயக்குநர் இல்லத்தில் நடைபெறும். அலுவலர்கள் தன்விருப்பத்தின் பேரில் கலந்துகொள்வது கட்டாயம். அந்த வருடம் நிர்வாக அதிகாரி பதவி காலியாக இருந்தது. அதற்கு அடுத்த ஆள் பஞ்சாட்சரம். எனவே அவருடைய தன்விருப்பம் பலமாகவே இருந்தது.

முதல் ஞாயிறுக்கு முந்தின நாள் மாலையே கூடி வேஷங்களைப் பங்கிட்டார்கள். ராஜகோபாலன் போர்வீரர், அதைச் சொல்லவே வேண்டாம். டைப்பிஸ்ட் சீதா வைத்தியர். கணக்குப் பிரிவு கரீமுல்லாவுக்குத் திருடன் வேஷம் விழுந்தது. அவர் பதறிப்போனார்.

“கணக்குல இருக்கறவனுக்குத் திருடன் வேஷமா சார்? ஆடிட் பார்ட்டி காதுல விழுந்தா என் பென்ஷன் என்ன ஆகும்?”

விவாதத்துக்குப் பிறகு அந்தப் பதவி ‘பூட்டுத் திறப்பு அலுவலர்’ என்று பெயர் மாற்றப்பட்டது. மிச்சம் இருந்த மந்திரவாதி பஞ்சாட்சரத்துக்கு. அவரிடம் ஒரே ஒரு மந்திரம் இருந்தது: ராட்சச சைஸில் ஒரு நெருப்பு உருண்டை.

“அதை எப்ப வேணா விடலாமா தம்பி?”

“எப்ப வேணா விடலாம் சார். யாரையும் கேக்க வேண்டாம்.”

யாரையும் கேட்க வேண்டாம் என்ற வாக்கியத்தை பஞ்சாட்சரம் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார். பஸ்ஸில் வீடு திரும்பும்போது உள்ளங்கையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டார். மந்தைவெளி மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்காரன் அழுகலைத் தள்ளிவிட்டபோது, ‘நான் நினைத்தால்…’ என்று ஒரு கணம் தோன்றியது.

முதல் ஞாயிறு, ஜவஹர் கதையைத் தொடங்கினான். “நீளமான சுரங்கம். எதிர்ல இரும்புக் கதவு. உள்ள ராட்சசன் உறுமறான். என்ன பண்றேள்?”

“திட்டமிடறோம்” என்றார் ராஜகோபாலன்.

முதலில் யார் உள்ளே போவது என்ற கேள்வி எழுந்தது. “எந்த நடவடிக்கையும் கீழ்மட்டத்துலேர்ந்து தொடங்கி, உரிய வழியா மேல வரணும்” என்றார் ராஜகோபாலன். எல்லோரும் சீதாவைப் பார்த்தார்கள்.

“நான் வைத்தியர் சார். எனக்கே அடிபட்டா உங்களுக்கு யார் கட்டுப் போடறது?”

இந்த ஆட்சேபம் குறித்துக்கொள்ளப்பட்டது. அடுத்து கரீமுல்லா, அந்தக் கதவு நம் துறையின் சொத்தா, வேறு துறையின் சொத்தா என்று கேட்டார். வேறு துறையின் கதவை நாம் உடைத்துவிட்டு நாளைக்குப் பதில் சொல்ல முடியாது. அந்த ஞாயிறு அதிலேயே போயிற்று. அடுத்த ஞாயிறு, பதுங்கிப் போவதா, பாய்ந்து போவதா என்பதில் போயிற்று.

“மாமா, நீங்க இங்க பேசற நேரம் குகைக்குள்ளயும் ஓடிண்டிருக்கு” என்றான் ஜவஹர். “கையில இருந்த பந்தம் அணைஞ்சுடுத்து. ஒரே இருட்டு.”

“இருக்கட்டும்டா. பேசறதுக்கு வெளிச்சம் எதுக்கு?”

மூன்றாவது ஞாயிறு ஜவஹர் பொறுமை இழந்தான். ராட்சசனே கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்த்ததாகச் சொன்னான். கதை நடத்துகிறவன் அவன் ஆனபடியால் ராட்சசனும் அபிராமபுரத்துத் தமிழே பேசினான்.

“வெளில என்ன சத்தம்? யாராவது உள்ள வரேளா, இல்லே நான் வெளில வரட்டுமா?”

ராஜகோபாலன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “இங்க ரகசியக் கூட்டம் நடக்கறது. சம்பந்தமில்லாதவா இருக்கப்படாது.”

ஜவஹர் மாமாவை உற்றுப் பார்த்தான். பிறகு பகடையை உருட்டினான். “ராட்சசன் ‘சாரி’ சொல்லிட்டுக் கதவைச் சாத்திண்டான்” என்றான் ஈனஸ்வரத்தில்.

நான்காவது ஞாயிறுதான் கடைசி. அந்த வாரமே ஜவஹருக்கு விமானம். வாழைக்காய் பஜ்ஜி வந்தது. உறுமலின் தன்மையை ஆராய ஒரு துணைக்குழு அமைக்கலாம் என்று ராஜகோபாலன் பிரேரித்தார். கரீமுல்லா ஆமோதித்தார். குழுவில் எத்தனை பேர் என்று பேச்சு வளர்ந்தது. பஞ்சாட்சரம் எதிரே பார்த்தார். அந்தப் பையன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் படித்துவிட்டு வந்து கேள்வித்தாளே தரப்படாதவன் போல உட்கார்ந்திருந்தான். கதவுக்குப் பின்னால் ராட்சசனும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பான் என்று அவருக்குப் பட்டது. இரண்டு பேர் மீதும் இரக்கம் வந்தது.

“நெருப்பு உருண்டையை விடறேன்” என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது.

“யாரைக் கேட்டு?” என்றார் ராஜகோபாலன்.

ஜவஹர் பாய்ந்து பகடையை பஞ்சாட்சரத்தின் கையில் திணித்தான். உருண்டது. இருபது.

கதவு வெல்லப்பாகாய் உருகி, ராட்சசன் ஒரு பிடி சாம்பல் ஆனான். ஜவஹர் நாற்காலி மேல் ஏறிக் குதித்தான். சீதா கை தட்டினாள். ராஜகோபாலன் மட்டும் எழுந்து நின்றார். “பஞ்சாட்சரம், ராட்சசன் செத்தது வேற விஷயம். நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

முடிவு எடுப்பதில் இப்படி ஒரு ருசி இருக்கும் என்று பஞ்சாட்சரத்திடம் யாரும் சொன்னதில்லை. திங்கட்கிழமை காலை அவர் நாக்கில் அது இன்னும் இருந்தது.

அன்று வழக்கம்போல் தேவானை வந்தாள். சைதாப்பேட்டை ஆற்றோரக் குடிசைவாசிகளின் அடிபம்புக் கோரிக்கைச் சங்கத் தலைவி. வாராவாரம் நாலைந்து பேரோடு வந்து ஒரு பம்பு கேட்பாள். ஆபீஸ் பின்கட்டில் பம்புகள் துருவேறிக் கிடந்தன. ஒரு பம்பைக் கொடுக்கக் கண்காணிப்பாளரே கையெழுத்துப் போடலாம் என்று விதியும் இருந்தது. துறை தோன்றிய நாளாக அந்த விதியை யாரும் தொந்தரவு செய்ததில்லை.

பஞ்சாட்சரம் பேனாவைத் திறந்து, கையெழுத்துப் போட்டார்.

“நாளைக்கு பம்பு வந்துடும்மா.”

தேவானை முகத்தில் சந்தோஷம் தெரியவில்லை. “நாளிக்கா? இன்னா சார் சொல்றே? வெள்ளிக்கெயமை இந்த ஆபீசு வாசல்ல மறியல் வெச்சுக்கீறோம். மைக் செட்டுக்கெல்லாம் சொல்லியாச்சு.”

“பம்புதான் வந்துடுதே. மறியல் எதுக்கு?”

“அத்த நீதான் சொல்லணும்” என்றாள் அவள், கண்டிப்பாக.

பம்பு போயிற்று. தண்ணீரும் வந்தது. வெள்ளிக்கிழமை திட்டமிட்டபடி மறியலும் நடந்தது. கோஷம் மட்டும் மாறியிருந்தது: ‘மக்களைக் கலக்காமல் பம்பு வைத்த அதிகாரியை மாற்று!’

ராஜகோபாலன் தாமே படியிறங்கி வந்து மனுவை வாங்கினார். ஏற்றி அனுப்பவில்லை, இறக்கி அனுப்பவில்லை. மைக் செட்டு வண்டியின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பஞ்சாட்சரம் பழவேற்காட்டுக்கு மாற்றப்பட்டார். வந்த அன்றே முடிந்த கோப்பு அந்தத் துறையில் அது ஒன்றுதான். கூட்டம் கை தட்டியது. மக்கள் குரலுக்கு இவ்வளவு சீக்கிரம் செவிசாய்த்ததை, அடுத்த வாரம் ராஜகோபாலனுக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்தில் எல்லோரும் குறிப்பிட்டுப் பேசினார்கள்.

டிபன் கேரியரும் குடையுமாக பஞ்சாட்சரம் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது தேவானை பக்கத்தில் வந்து நின்றாள்.

“தப்பா நெனச்சுக்காத நைனா.”

“தண்ணி வருதாம்மா?”

“கும்முனு வர்து. சக்கரையாட்டம் கீது.”

“அப்புறம் ஏம்மா?”

தேவானை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “வாரா வாரம் வந்துகினு இருந்தோம். வாசல்ல நாலு பேச்சு, ஒரு டீ. ஆளாளுக்குத் தலைவரம்மா தலைவரம்மான்னு கூப்புட்டாங்க. நீ பாட்டுக்கு ஒரு கையெயுத்து போட்டு அல்லாத்தயும் ஊத்தி மூடிட்டே. இப்ப காலீல எந்திரிச்சா எங்க போறதுன்னே தெர்ல.”

பஸ் வந்துவிட்டது.

“போற எடத்துல எதுனா குடுக்கறதா இருந்தா, கொஞ்சம் இஸ்துகினே போய் குடு சார். ஜனங்களுக்கும் ஒரு வேல வோணும் இல்ல?”

படியில் ஒரு கால் வைத்தபடி அவர் திரும்பினார். “ஆவன செய்யப்படும்” என்றார்.

தேவானையின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. “அப்டி வா வயிக்கு!” என்று கை அசைத்தாள்.