எட்டு ஜி.பி. அடைக்கோழி

“இத்தனை வருஷமா ஒரே மாதிரி ஓட்டை வச்சிருந்தீங்க. அதை மாத்தச் சொல்லி உங்களை எவன் கேட்டான்?”

விவரம் என்று எல்லாரும் கூப்பிடும் அந்த மனிதர் கத்தியது மனைவியைப் பார்த்து அல்ல. கையில் இருந்த புத்தம்புதிய கம்ப்யூட்டர் போர்டைப் பார்த்து. அதில் சார்ஜர் செருகும் துளை ஒரு தினுசு, அவரிடம் இருந்த சார்ஜரின் முனை வேறொரு தினுசு. இரண்டும் சேர்வேனா என்று அடம்பிடித்தன. மேஜைமேல் இருந்த தெர்மாகோல் பெட்டிக்குள் பன்னிரண்டு முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன.

“ஏங்க, முட்டை ஜில்லுனு ஆகுது” என்றாள் மனைவி.

“என் வயிறு எரியுது. அதுக்குப் பக்கத்துல கொண்டுவந்து வை” என்றார் அவர்.

ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பவர் அவர். ஒரு வாளி வாங்கப் போனாலும் “விவரம் என்ன?” என்று கேட்காமல் வாங்கமாட்டார். எத்தனை லிட்டர் பிடிக்கும், கைப்பிடி எவ்வளவு கனம் தாங்கும் என்று கடைக்காரரைக் குடைந்து எடுத்துவிடுவார். அதனால் அலுவலகத்தில் அவருக்கு விவரம் என்றே பெயர். மாமனார் வீட்டுக்கும் அந்தப் பெயர் எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது.

வினை ஆரம்பித்தது மைத்துனன் வீட்டில். அங்கே நாய் குட்டி போட்டிருந்தது. மகள் அதில் ஒன்றைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, இது இல்லாமல் வீட்டுக்கு வரமாட்டேன் என்றாள். விவரத்துக்கு நாய் என்றாலே ஆகாது. சின்னக் குட்டி குரைத்தால்கூட நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆசாமி.

“நாய் எதுக்குமா? அப்பா உனக்கு முட்டையிலேர்ந்து கோழிக்குஞ்சே வரவழைச்சுக் காட்டறேன். மூணே வாரம்.”

“வரலைன்னா?”

“வரலைன்னா இந்த நாய்க்குட்டி நம்ம வீட்டுக்கு வரும்.”

“நான் சாட்சி” என்றான் மைத்துனன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது விவரத்துக்கு அப்புறம்தான் உறைத்தது.

மாட்டிக்கொண்டாலும் அரைகுறையாகச் செய்கிற மனிதர் இல்லை அவர். சுற்றுவட்டாரத்திலேயே பெரிய கோழிப்பண்ணை எது என்று விசாரித்தார். தீவனம், தண்ணீர், வெளிச்சம் எல்லாம் இயந்திரமே பார்த்துக்கொள்ளும் பண்ணை அது. அங்கிருந்து முட்டை வரவழைத்து, ஒவ்வொன்றாகத் தராசில் எடை போட்டு, ஓட்டில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, முதல் தரமான பன்னிரண்டைப் பொறுக்கி எடுத்தார். பெட்டிக்குள் ஒரு பல்பு, ஒரு குட்டி ஃபேன், சூட்டை அளக்க ஒரு சென்சார். இவற்றை ஆட்டிவைக்க, அலமாரியில் கிடந்த பழைய போர்டு.

உள்ளங்கை அளவு பச்சைத் தகடு அது. ஆனால் அதற்குள் ஒரு முழுக் கம்ப்யூட்டரே இருந்தது. அந்த ஜாதியில் வந்த முதல் தலைமுறை. ஒரே ஒரு கோர், அதாவது ஒரே மூளை, எழுநூறு மெகாஹெர்ட்ஸ் வேகம், அரை ஜி.பி. நினைவகம். இன்றைய கைபேசி அதைப் பார்த்தால் வாய்விட்டுச் சிரிக்கும். ஆனாலும் சூடு குறைந்தால் பல்பைப் போட்டது, ஏறினால் அணைத்தது. எல்லை மீறினால் அதில் செருகியிருந்த குட்டி ஸ்பீக்கர், அவர் பதிந்துவைத்த குரலில் சத்தம் போட்டது. அதற்குமேல் ஒரு பெட்டைக்கோழி மட்டும் என்ன செய்துவிடப்போகிறது?

இரண்டாம் நாளே மெமரி கார்டைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் உடைந்தது. கார்டு தொளதொளத்தது, போர்டு படுத்துவிட்டது. மனைவி கொடியிலிருந்து ஒரு துணி கிளிப்பை எடுத்துவந்து கார்டைக் கவ்வவைத்தாள். போர்டு எழுந்து உட்கார்ந்தது.

பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும். ஆனால் சாயங்காலம் மைத்துனன் வந்தான். பெட்டியைத் திறந்து பார்த்தான்.

“என்ன அத்தான், கம்ப்யூட்டரைத் துவைச்சுக் காயப்போட்டிருக்கீங்க?”

விவரத்துக்கு முகம் சிவந்தது. கம்ப்யூட்டர் பராமரிப்பவர் வீட்டில் துணி கிளிப்பில் ஓடுகிற கம்ப்யூட்டர்! மறுநாள் காலை முதல் வேலையாகக் கடைக்குப் போய்விட்டார்.

“இதே மாதிரி ஒண்ணு குடுங்க” என்று பழைய போர்டின் படத்தைக் காட்டினார்.

விற்பனையாளர் அதை ஏதோ புதைபொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “சார், இதெல்லாம் எப்பவோ போயிடுச்சு. இதுக்கப்புறம் ரெண்டாவது வந்தது, நாலு கோர். மூணாவதுல வைஃபை உள்ளேயே வந்துடுச்சு. நாலாவதுல எட்டு ஜி.பி. வரைக்கும் போனாங்க. இப்போ இருக்கறது அஞ்சாவது. அதே எட்டு ஜி.பி., ரெண்டு புள்ளி நாலு கிகாஹெர்ட்ஸ்.”

“எனக்கு ஒரு பல்பைப் போட்டு அணைக்கணும். அவ்வளவுதான்.”

“தாராளமா அணைக்கலாம் சார். கூடவே ரெண்டு பெரிய திரையில ஒரே நேரத்துல சினிமாவும் பாக்கலாம்.”

“யாரு? முட்டையா?”

விற்பனையாளர் சிரிக்கவில்லை. விவரத்துக்கும் உள்ளூர ஒரு சபலம். எட்டு ஜி.பி. நினைவகம் என்று சொன்னால் மைத்துனன் வாயை அடைக்கலாமே! வாங்கிக்கொண்டு வந்து, முதல் காரியமாகப் பழைய போர்டைக் கழற்றிவிட்டார். துளை சேரவில்லை என்று அவர் கத்தியது இந்தப் புதிய போர்டைப் பார்த்துத்தான்.

மீண்டும் கடை.

“இதுக்குத் தனி சார்ஜர் சார். அஞ்சு ஆம்பியர் வேணும்.”

“பழசு கைபேசி சார்ஜர்லயே ஓடிச்சே!”

“பழசு கொஞ்சமா சாப்பிட்டது. இது வளர்ந்த புள்ளை.”

சார்ஜரோடு வீட்டுக்கு வந்தார். போர்டில் விளக்கு எரிந்தது. திரையோடு இணைக்கப் போனால் அந்தத் துளையும் மாறியிருந்தது. முன்பு கட்டைவிரல் அகலத்துக்கு இருந்தது இப்போது நகக்கண் அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. அதுவும் ஒன்றுக்கு இரண்டாக.

“ஒரு ஓட்டையை உருப்படியா வைக்கத் தெரியலை, ரெண்டு வச்சிருக்கான்! இவன் வீட்டு வாசக்கதவையும் வருஷா வருஷம் மாத்துவானா? நேத்து நுழைஞ்சவன் இன்னைக்கு நுழையக் கூடாதுன்னு எழுதிவச்சிருக்கானா?”

“நான் சுடுதண்ணிப் பையை வச்சிருக்கேன். நீங்க நிதானமாத் திட்டிட்டு வாங்க” என்றாள் மனைவி. முட்டைகளைச் சுற்றி வெந்நீர்ப் பையை வைத்து மேலே தன் சால்வையைப் போர்த்தியிருந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு பெயர் வைத்து அழைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் தடவை கடைக்குப் போய் வந்ததும் திரை ஒளிர்ந்தது. பழைய போர்டில் ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை அதில் ஏற்றினார். போர்டு அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இது எனக்குத் தெரியாது என்றது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பின்கள் பார்வைக்கு அதே பின்கள்தான். ஆனால் இந்தத் தலைமுறையில் அவற்றை ஆட்டிவைக்க வேறொரு சிப்பை வைத்துவிட்டார்களாம். பழைய பேச்சுக்கு அது தலையாட்டாதாம்.

“பின் அதே பின். கம்பி அதே கம்பி. பல்பு அதே பல்பு. சொன்னா மட்டும் கேக்காது!” என்று பொருமிக்கொண்டே புரோகிராமை முதலிலிருந்து எழுதினார். குஞ்சு பொரிவதற்கு முன்பே மனிதர் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாகப் பல்பு எரிந்தது. போர்டைப் பழைய இடத்திலேயே, முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்து மூடினார். சூடு முட்டைக்கு வேண்டிய முப்பத்தேழரை டிகிரியைத் தொட்டது, பல்பு அணைந்தது. விவரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

சூடு முப்பத்தெட்டானது. பிறகு முப்பத்தொன்பது.

“பல்புதான் அணைஞ்சிருக்கே! அப்புறம் எது சுடுது?”

மகள் பெட்டிக்குள் விரலை விட்டு, “ஆ!” என்று இழுத்துக்கொண்டாள். “அப்பா, உங்க கம்ப்யூட்டருக்கு ஜுரம்.”

நான்கு கோரும் எட்டு ஜி.பி.யும் சேர்ந்து பல்பின் வேலையைத் தாங்களே பார்க்க ஆரம்பித்திருந்தன. மறுபடி கடை. போர்டின் தலைமேல் உட்காரும் ஒரு குட்டி ஃபேன் வாங்கிவந்தார். அது போர்டைக் குளிரவைக்க, அந்த அனலை எடுத்து நேராக முட்டைகள்மேல் ஊதியது.

போர்டைப் பெட்டிக்கு வெளியே தூக்கி வைத்தார். சென்சார் கம்பி எட்டவில்லை. கம்பியை நீட்டி ஒட்டுப்போட்டார். ஒட்டு சரியாகப் பிடிக்காமல், சூடு திடீர் திடீரென்று பூஜ்யம் என்று காட்டியது. அதை எச்சரிக்கத்தான் ஸ்பீக்கர் இருக்கிறதே! ஸ்பீக்கரை மாட்டத் துளை தேடினார். போர்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அந்தத் துளையே இல்லை. மற்ற எல்லாத் துளையையும் மாற்றியவர்கள் இதை எடுத்தேவிட்டிருந்தார்கள்.

அவர் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். மனைவிக்கு அதுதான் பயமாக இருந்தது.

“ப்ளூடூத்ல போட்டா என்ன அத்தான்?” என்றான் அப்போது பார்த்து வந்து சேர்ந்த மைத்துனன்.

போட்டார். போர்டு காற்றில் துழாவி, முதலில் அகப்பட்ட ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டது. எச்சரிக்கை கிளம்பியதைத் திரை காட்டியது. ஆனால் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கதவு தடதடவென்று இடிபட்டது. கீழ் வீட்டுப் பாட்டு வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் படிக்கட்டு முழுவதும் மாணவர்கள்.

“நான் சொல்லிக்குடுத்துட்டு இருக்கேன், என் ஸ்பீக்கர் ‘சூடு போதலை, சூடு போதலை’ன்னு கத்துது! உங்க குரல்ங்க அது! என் பாட்டைப் பத்தி உங்களுக்கு அபிப்பிராயம் இருந்தா நேர்ல வந்து சொல்லணும்!”

“சார், அது முட்டைக்குச் சொன்னது…”

“கேட்டீங்களாடா? முட்டையாம்!” என்று வாத்தியார் மாணவர்கள் பக்கம் திரும்பினார். “இதுக்குமேல ஒரு மனுஷனை எப்படி அவமானப்படுத்தறது?”

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, விவரம் புதிய போர்டைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் எறிந்தார். பழைய போர்டை எடுத்துவந்தார். மனைவி துணி கிளிப்பை நீட்டினாள். கவ்வியதும் அது எழுந்தது. சூடு முப்பத்தேழரைக்கு வந்து, அங்கேயே நின்றது.

அதன்பிறகு ஒரு சிக்கலும் இல்லை. வேளா வேளைக்கு அவரே முட்டைகளைத் திருப்பி வைத்தார். பெட்டிக்குள் ஈரம் காயாமல் இருக்க வைத்த தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பினார். அலுவலகத்தில் இருந்தபடியே மனைவிக்கு ஃபோன் செய்து, “சூடு எவ்வளவு?” என்று கேட்டார். இருபது வருடத்தில் தனக்கு ஜுரம் வந்தபோதுகூட அவர் இப்படிக் கேட்டதில்லை என்று அவள் தம்பியிடம் அங்கலாய்த்தாள்.

மூன்று வாரம் முடிந்தது. ஒரு முட்டையும் அசையவில்லை. இன்னும் சில நாள் பொறுத்துப் பார்த்தார்கள். மகள் ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

“இன்னும் தூங்குதாப்பா?”

நாய் வருமே என்ற பயம்கூட அப்போது விவரத்துக்கு இல்லை. அப்பா சொன்னால் நடக்கும் என்று நம்பிக் காதை வைத்துக்கொண்டிருக்கிறாளே என்றுதான் இருந்தது. அந்த நேரம் பார்த்து மைத்துனன் கூடையும் கையுமாக உள்ளே வந்தான். கூடைக்குள் ஏதோ குரைத்தது. விவரத்தின் கால் தானாக நாற்காலிமேல் ஏறியது.

“பேச்சுன்னா பேச்சு அத்தான்.”

“நிறுத்துடா! தப்பு என்மேலயா? முட்டைமேலயா? அந்தப் புது போர்டு ஒரு நாள் பூரா என் முட்டைங்களைச் சுட்டும் ஆத்தியும் கொன்னுடுச்சு! ஒரு தலைமுறைக்கு ஒரு சார்ஜர், ஒரு தலைமுறைக்கு ஒரு ஓட்டை! வேகம் கேட்டேனா நான்? நினைவகம் கேட்டேனா? பன்னிரண்டு உசுரு! இவனுங்க ஓட்டை மாத்தி விளையாடறதுக்கு என் புள்ளை ஏமாறணுமா? விடமாட்டேன். இன்னொரு தடவை வைக்கிறேன். முதல் நாள்லேர்ந்தே பழைய போர்டு. பாத்துக்கிட்டே இரு!”

அதே கோபத்தோடு ஃபோனை எடுத்துப் பண்ணைக்கு அடித்தார். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். அங்கே அலுவலகப் பெண் எடுத்தாள்.

“போன மாசம் உங்ககிட்ட முட்டை வாங்கினேம்மா. உங்கமேல எந்தக் குறையும் இல்லை, அருமையான முட்டை. இங்க ஒரு கேடுகெட்ட போர்டால எல்லாம் பாழாப்போச்சு. அதே ரகத்துல இன்னும் பன்னிரண்டு வேணும். இந்தத் தடவை ஒண்ணு பாக்கியில்லாம குஞ்சு வரவழைச்சுக் காட்டறேன்.”

“குஞ்சா சார்?”

“ஆமாம்மா, குஞ்சு.”

அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

“சார்… எங்க பண்ணையில மருந்துக்குக்கூட ஒரு சேவல் கிடையாதே!”