பத்துச் சதத்தில் ஒரு பாண்டிய மீன்

எனக்குப் புரியாத எதையும் பிறருக்கு விளக்கிவிடும் வியாதி உண்டு. எண்பதுகளில் அது முற்றியிருந்த காலத்தில்தான் வட்டவளைக்குப் பெண் பார்க்கப் போனேன்.

அப்போது நான் வட்டகொடைப் பக்கம் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். 'மாப்பிள்ளைக்கு வாய் அதிகம்' என்று ஏற்கெனவே ஒரு வீட்டில் திருப்பியனுப்பியிருந்தார்கள். அதனால் ரயிலில் அம்மா படித்துப் படித்துச் சொன்னார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுடா. ஒன் சரித்திரத்த எடுக்காத."

பெண்ணின் அப்பா தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. தேத்தண்ணி வருவதற்குள் ஒரு சின்ன அலுமினியக் காசை என் கையில் வைத்தார்.

"நீங்க படிச்சவரு தம்பி. இது என்னா காசுன்னு பாத்துச் சொல்லுங்க. எங்க கொழுந்தியா குவைத்துல வேல செஞ்சுட்டு நேத்துதான் வந்துச்சு, கொண்டாந்து புள்ளைககிட்ட குடுத்துச்சு. இப்ப பீலித் தண்ணியில குளிக்கப் போயிருக்கு."

(கேட்டுவிட்டாரே! அம்மாவின் சட்டப்படி பதில் சொல்லலாம்.)

ஒரு பக்கம் யாரோ ஒரு மனிதரின் தலை. சுற்றிலும் 'ரிபப்ளிகா' என்று ஆரம்பித்து, நடுவில் உயிரெழுத்தே இல்லாமல் இரண்டு ஆங்கில எழுத்து, பிறகு 'பிலிப்பினாஸ்'. பிலிப்பைன்ஸ் காசு என்று புரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். காசைத் திருப்பினேன். மறுபக்கம் ஒரு மீன். கூடவே 'பண்டகா' என்று ஒரு சொல். அடுத்த சொல்லை வாசிக்க வரவில்லை, விட்டுவிட்டேன். (வேண்டாததை விட்டுவிடுவதும் சரித்திரத்தின் ஒரு முறைதான்.)

மீன். பண்டகா. பாண்டியர்! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"மாமா, இது நம்ம காசுங்க!" என்றேன். முறைப்படி அவர் இன்னும் மாமா ஆகவில்லை. அம்மா என் முழங்காலைக் கிள்ளினார். நான் கொற்கையிலேயே கப்பலேறிவிட்டேன். பாண்டிய இளவரசன் ஒருவன் கிழக்கே போனதையும், அங்கே நாடு பிடித்ததையும், வாரிசுகள் இன்றைக்கும் மீன் சின்னத்தைக் கைவிடாததையும் கண்ணால் பார்த்தவன்போல் சொன்னேன். அந்தத் தலை யாருடையது என்று அவர் கேட்டார். "வாரிசுதான்" என்றேன். கோட்டுப் போட்ட வாரிசா என்று எனக்கே கொஞ்சம் குழப்பம். "அங்க குளிருங்க."

கணக்கப்பிள்ளையின் பூர்வீகம் மதுரைப் பக்கம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. காசை வாங்கிக் குங்குமம் வைத்து மீனாட்சி படத்தடியில் வைத்தார். கற்பூரமும் கொளுத்தினார். நானும் கும்பிட்டேன்.

அந்த நேரம் பார்த்து ஈரத் தலையோடு குவைத் சின்னம்மா உள்ளே வந்தார்.

"ஐயோ அத்தான், அதுக்கு ஏன் சூடம் காட்டுறீங்க? அது நம்ம பத்துச் சதம் மாதிரி! எங்கூட வேல செஞ்ச பிலிப்பினோ புள்ள குடுத்துச்சு."

"மீனு?" என்றார் கணக்கப்பிள்ளை, கற்பூரத் தட்டோடு.

"பண்டகான்னு அவங்க ஊரு மீனுங்க. ஒலகத்துலயே ரொம்பச் சின்னதாம், வெரல் நகத்துல ஒக்காந்துக்குமாம். பூவு, பட்டாம்பூச்சி, எருமைன்னு அவங்க மண்ணுல உள்ளதத்தான் காசுல போடுவாங்களாம். அந்தத் தல ஒரு கவிஞராம்."

கும்பிட்ட கையை எப்போது இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. தேத்தண்ணித் தட்டோடு கதவருகில் நின்ற பெண், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்பதும் புரியவில்லை.

திரும்பும் ரயிலில் ஹற்றன் வருவதற்குள்ளேயே அம்மா அடுத்த பெண் வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அடுத்த வாரமே சம்மதம் என்று ஆள் வந்தபோது, வீடு மாறி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தோம்.

எங்கள் மூத்த மகள் குறைமாதத்தில் கையளவாகப் பிறந்தாள். மாமனார் வந்து பார்த்து 'பண்டகா' என்று கூப்பிட்டார். என்னைவிட உயரமாக வளர்ந்தும் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.

ஒருநாள் மனைவி மரகதத்திடம் கேட்டே விட்டேன். "அன்னைக்கு ஏன்தான் சரின்னு சொன்ன?"

"தெரியாததையே இவ்வளவு அழகாச் சொல்றவரு, தெரிஞ்சத எப்புடிச் சொல்லுவாருன்னு கேக்கலாம்னுதான்."

"கேட்டியா?"

"காத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."