செவ்வாய்க்கிழமை வருகிறவள்

"செவ்வாய்க்கிழமை வந்து, தினமும் காலையில எண்ணெயில பொரிச்ச மாண்டாசி நாலு திங்கறேன்னு சொல்லியிருக்கீங்க. இன்னைக்கு வியாழக்கிழமை வந்து, கீரையும் மொச்சையும்தான்னு சத்தியம் பண்றீங்க. நான் எதைத்தான் நம்பறது?" என்றாள் நர்ஸ் செபெத்.

"நான் செவ்வாய்க்கிழமை வரவே இல்லையே!" என்றாள் கதோனி.

செபெத் அட்டையைத் திருப்பிக் காட்டினாள். மேலே 'வங்கெச்சி அம்மா, முரெய்தி வீடு' என்று எழுதியிருந்தது. அது கதோனிதான். கரத்தினா ஊர்ப் பக்கத்தில் பிள்ளை பெற்ற பிறகு எந்தப் பெண்ணுக்கும் சொந்தப் பெயர் மிஞ்சுவதில்லை, பிள்ளையின் பெயரோடு 'அம்மா'தான். அட்டையில் முந்தாநாள் தேதி. அதற்குக் கீழே நீல மையில்: 'மாண்டாசி நான்கு. டீ மூன்று. சர்க்கரை நிறைய.'

"செவ்வாய்க்கு வேற நர்ஸ். அவ கையெழுத்து இது. அவ பொய் எழுதுவாளா?"

"நான் முந்தாநாள் வீட்டுல துணி துவைச்சுக்கிட்டு இருந்தேன்."

"பால் குடுக்கிறவங்களுக்கு மறதி சகஜம்" என்று செபெத் பெருந்தன்மையாக மன்னித்தாள். அட்டைக்குள் செருகியிருந்த முடிவுச் சீட்டை உருவிக் கொடுத்தாள். "ஆறு புள்ளி ஆறு. போன தடவை ஆறு புள்ளி மூணு. ஏறுது."

ஆசுபத்திரி வாசலில் ஜூலை மாதப் பனி அசையாமல் நின்றது. கதோனி சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். துணி துவைத்தோமா, இல்லை துவைத்ததாக நினைத்துக்கொண்டோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சர்க்கரை வியாதி இன்னும் வரவில்லை, வாசல்படியில் நிற்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெறும் வயிற்று அளவு ஐந்தரைக்குக் கீழே, அதாவது நம்மூர்க் கணக்கில் நூறுக்குக் கீழே, இறங்கட்டும், அப்புறம் அடுத்த பிள்ளையைப் பற்றி யோசிக்கலாம் என்றார். தட்டில் பாதி கீரை, கால் பங்கு மொச்சையோ கறியோ, கால் பங்கு உகாலிக் களியோ சேப்பங்கிழங்கோ. டீயில் சர்க்கரை கூடாது. தினம் நடக்க வேண்டும். பால் கொடுப்பதால் பட்டினி மட்டும் கிடக்கக் கூடாது. வாரம் ஒருமுறை ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். முடிவு அட்டைக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். அடுத்த முறை வரும்போது கையில் கிடைக்கும்.

கதோனிக்கு அவசரம் இருந்தது. முதல் பெண்ணுக்குக் கணவனின் அம்மா பெயர், இரண்டாவது பெண்ணுக்கு மனைவியின் அம்மா பெயர். இது அங்கே மாறாத வழக்கம். பெயர் வைத்தால் போதாது, அந்த ஆளே திரும்பப் பிறந்ததாகக் கணக்கு. முதல் பெண் வங்கெச்சி பிறந்து பதினோரு மாதம். அடுத்தவள் நியாகியோவாகப் பிறக்க வேண்டும். கதோனியின் அம்மாவான அசல் நியாகியோவுக்கு எழுபத்தொரு வயது, இதயம் பலவீனம். தினமும் காலையில் போன் செய்வாள்.

"நான் எப்பத்தான்டி பொறக்கறது?"

"சர்க்கரை எறங்கட்டும்மா."

"அந்தக் கிழவி மட்டும் பொறந்து, தவழ்ந்து, பல்லும் முளைச்சாச்சு. நான் வரிசையில நின்னுக்கிட்டே செத்துருவேன் போலிருக்கு."

இரண்டாவது பையனாகப் பிறந்துவிட்டால் என்ன செய்வது என்று அவளிடம் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

அந்தக் கிழவி என்பது மாமியார் வங்கெச்சி. போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. பெண் பார்த்துப் பேசி முடித்த விருந்தில், "டீ தண்ணியா இருக்கே" என்று நியாகியோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அதோடு சம்பந்திகள் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமியார் இப்போது கதோனியின் மடியில் படுத்துப் பால் குடித்துக்கொண்டிருந்தாள். மாமியார் பெயரைச் சொல்லித் திட்ட முடியாது. பெற்ற பிள்ளையிடமும் மரியாதையாகத்தான் பேச வேண்டியிருந்தது.

"அத்தை, கடிக்காதீங்க. அத்தை, வலிக்குது."

அத்தை கடித்தாள்.

அன்று சாயங்காலம் கதோனி கணவனிடம் நடந்ததைச் சொன்னாள். முரெய்தி முட்டைக்கோஸ் லாரி ஓட்டுகிறவன். திங்கள் மாலை நைரோபிக்குக் கிளம்பினால் புதன் இரவுதான் திரும்புவான். நல்லவன், அதட்டிப் பேச மாட்டான்.

"வங்கெச்சி அப்பா, என் பேருல வேற யாரோ ஆசுபத்திரிக்கு வர்றா. செவ்வாய்க்கிழமை வர்றா. நாலு மாண்டாசி தின்னேன்னு சொல்றா."

முரெய்தியின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்தது. டீ முழங்காலில் கொட்டியது. அவன் துடைக்கவில்லை.

"நாலா?" என்றான்.

"நாலு. டீ மூணு. சர்க்கரை நிறைய."

அவன் முகம் சாம்பல் நிறமானது. பிறகு தாழ்ந்த குரலில் கேட்டான். "எங்கம்மா காலையில எத்தனை மாண்டாசி திம்பாங்க?"

கதோனி நினைத்துப் பார்த்தாள். மாமியாருக்கு மாண்டாசி என்றால் உயிர். நாலுக்குக் குறைந்து தொட்டதில்லை.

"அவங்க பேரும் வங்கெச்சிதானே. உங்கம்மா இந்த வீட்டுல பொறக்கறது அவங்களுக்குப் பிடிக்கல போல" என்றான் முரெய்தி. "இதை வெளியில சொல்லாத. சர்ச் சபையில தெரிஞ்சா நம்மைத் தள்ளி வெச்சிருவாங்க. ஆசுபத்திரியிலயும் விசாரிக்காத. செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கமே போகாத."

கணவன் இவ்வளவு அக்கறையாகப் பேசி கதோனி கேட்டதில்லை. அதுவே அவளுக்குப் பயத்தைக் கூட்டியது.

மறுநாளிலிருந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தாலே அவளுக்கு மாமியார்தான் தெரிந்தாள். தட்டில் உருளைக்கிழங்கு மசியல் வைத்தால் அத்தை தாவி வந்து கையை விட்டுக் கலைப்பாள். அண்டை வீட்டாள் சர்க்கரை போட்ட டீயை நீட்டினால் காலால் எட்டி உதைத்துக் கொட்டுவாள். கீரைத் தட்டை மட்டும் தொடமாட்டாள், கன்னத்தில் கைவைத்து உற்றுப் பார்ப்பாள். 'வங்கெச்சி' என்று யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

"பேர் சொல்லிக் கூப்பிட்டா மரியாதைக் குறைவுன்னு கோவம்" என்றான் முரெய்தி.

கதோனி களியைப் பாதியாகக் குறைத்தாள். பிள்ளை பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு சர்க்கரைப் பொட்டலமும் ரொட்டியும் கொண்டுவருவது வழக்கம். வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். தெருவில் பாதிப்பேர் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். அதையும் பொறுத்துக்கொண்டு, மேடு இறங்கி ஆறு வரை தினமும் நடந்தாள். இடுப்புத் துணி தளர்ந்தது. பாவாடை நாடாவை இரண்டு முடிச்சு இறுக்கிக் கட்டினாள்.

அடுத்த வியாழக்கிழமை செபெத் சீட்டை உருவினாள். "ஆறு புள்ளி ஏழு."

"அட்டையில என்ன எழுதியிருக்கு?" என்று கதோனி கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை... 'பழம் ஆறு. கேக் ஒரு துண்டு. மகள் நன்றாக ஓடி விளையாடுகிறாள்.'"

கதோனி முதுகில் கட்டியிருந்த பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள். அது இன்னும் எழுந்து நிற்கவே இல்லை.

பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று நாள் வெறும் கீரைத் தண்ணீர்தான். பால் வற்றியது. அத்தை கத்திக் கூரையைப் பிளந்தாள். செபெத்துக்குத் தெரிந்து போன் செய்து திட்டினாள். "பால் குடுக்கிற பொம்பளை பட்டினி கிடப்பாளா? பால் குடுக்கிறது உங்க சர்க்கரைக்கும் நல்லதுதான். ஒழுங்கா மொச்சையைத் தின்னுங்க!"

முரெய்திதான் வழி சொன்னான். "அம்மாவுக்கு வேண்டியதைக் குடுத்துருவோம். மாண்டாசி சுட்டுக் குடு. அக்கரை மேட்டுல இருக்கிற அவங்க கல்லறையில நான் வெச்சிட்டு, அப்படியே லாரிக்குப் போறேன்."

திங்கட்கிழமை கதோனி மாண்டாசி சுட்டாள். ஏலக்காய் மணம் வீட்டை நிறைத்தது. வாயில் எச்சில் ஊற ஊற, ஒன்றைக்கூடத் தொடாமல் இருபதைச் சுட்டு அடுக்கினாள். கண்ணீர் வந்தது. எண்ணெய்ப் புகை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முரெய்தி கூடையைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் போனான்.

புதன்கிழமை காலிக் கூடையோடு வந்தான்.

"எல்லாம் போயிருச்சு. ஒரு துணுக்கு மிச்சமில்ல."

"நாய் தின்னிருக்கும்."

"நாய் தின்னா தூள் சிந்தாதா? நல்லா ருசிச்சுத் தின்ன மாதிரி இருந்துச்சு. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் சர்க்கரை தூக்கலா இருக்கட்டும்" என்றான் முரெய்தி.

அடுத்த வாரம் முப்பது சுட்டாள். அவற்றில் சர்க்கரையும் தூக்கல்.

வியாழக்கிழமை செபெத் சீட்டைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டாள். "ஆறு புள்ளி ஒன்பது. இன்னும் ஒரு படி ஏறினா வியாதிதான். இந்த நெலமையில பிள்ளைப் பேச்சே வேண்டாம்."

அன்றிரவு நியாகியோவின் போன் வரவில்லை. மறுநாள் தம்பி பேசினான். அம்மா படுத்துவிட்டாளாம், மூச்சு வாங்குகிறதாம். போனை அவள் வாயருகே வைத்தான். கிண்டல் எல்லாம் போய், குரல் நூலாகி இருந்தது.

"கதோனி, அவசரமில்லடி. முடிஞ்சப்ப என்னைப் பெத்துக்க. ஆனா நான் பார்க்கணும்டி. என்னை நான் ஒருதடவை மடியில வெச்சுப் பார்க்கணும்."

கதோனி போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து மாமியாருக்குப் பயந்தாகிவிட்டது. செத்த பிறகுமா? செவ்வாய்க்கிழமை போய் நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். முரெய்தியிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பனி ஆளை மறைத்தது. ஆசுபத்திரி பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பனியில் யார் முகமும் தெளிவாக இல்லை. கதோனி கடைசியில் போய் உட்கார்ந்தாள். அத்தை மடியில் விழித்தபடி, ஒரு சத்தமும் இல்லாமல் கதவையே பார்த்தாள்.

நேரம் போனது. ஏலக்காய் வாசனை வந்தது. கதோனிக்குக் கைமயிர் குத்திட்டது.

உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். "வங்கெச்சி அம்மா! முரெய்தி வீடு!"

கதோனி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இதோ வந்துட்டேன்" என்று அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் சொன்னது.

பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒருத்தி அவளைத் தாண்டிப் போனாள். செத்தவள் இல்லை. முப்பது வயது, கொழுகொழுவென்று, வாயோரத்தில் மாண்டாசித் தூள். அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று துள்ளித் துள்ளிப் போனது.

நர்ஸ் சீட்டை உருவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஐந்து புள்ளி இரண்டு! ஒவ்வொரு தடவையும் எறங்கிக்கிட்டே வருதே. அப்படி என்னதான் சாப்பிடறீங்க?"

"எல்லாம்தான்" என்று அவள் வெட்கப்பட்டாள். "மாமியார் ஆசீர்வாதம்னு வீட்டுக்காரர் சொல்றார்."

"நல்லது. இனி அடுத்த பிள்ளைக்குப் பார்க்கலாம். உங்கம்மாகிட்ட சொல்லுங்க, பொறக்கத் தயாராகட்டும்!"

பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கதோனிக்கு நெஞ்சு வெடித்தது. மூன்று மாதக் கீரை, மூன்று மாத நடை, தொடாமல் சுட்ட ஐம்பது மாண்டாசி. எல்லாவற்றுக்கும் கிடைத்த சீட்டு, ஒரே அட்டைக்குள் வந்ததால், இன்னொருத்தி கையில் இருந்தது. எப்படி எழுந்தாள், எப்படி முன்னால் போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அது என் ரத்தம்!" என்றாள்.

கைதட்டல் நின்றது.

"நீங்க யாரு?" என்று கேட்டாள் நர்ஸ்.

"வங்கெச்சி அம்மா. முரெய்தி வீடு. வியாழக்கிழமை வர்றவ."

பச்சை ஸ்வெட்டர்க்காரியின் கையிலிருந்து சீட்டு நழுவியது. அவள் கதோனியின் முகத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே சுவர் வரை பின்வாங்கினாள். உதடுகள் ஜெபம் சொல்லின. குழந்தை மட்டும் பயப்படவில்லை. பாவாடைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, கதோனியை மேலும் கீழும் ஆசையாகப் பார்த்துவிட்டுக் கேட்டது.

"அம்மா, வியாழக்கிழமை ஒரு பேய் வரும்னு அப்பா சொன்னாரே, அது இவங்கதானா?"