டேக் அண்ணன் அவிழ்க்காத சிவப்பு அட்டை

கடவுள் இந்த உலகத்தைப் படைத்து முடித்த கையோடு எங்கள் டேக் அண்ணனிடம் காட்டியிருந்தால், "இன்னா சார், ஃபினிஷிங் சரியில்லையே" என்று திருப்பி அனுப்பியிருப்பார். கடவுளும் எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

ஒரகடத்தில், கார் கதவுக்குக் கைப்பிடி செய்கிற ஒரு கம்பெனியில் நாங்கள் இருவரும் க்வாலிட்டி பிரிவில் வேலை பார்த்தோம். குறையுள்ள கைப்பிடியில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டுவோம். அதுதான் ரெட் டேக். கட்டியவரே கையெழுத்துப் போட்டு அவிழ்க்கும்வரை அதை யாரும் நகர்த்தக்கூடாது. கைப்பிடிகளுக்காக ஏற்பட்ட இந்தச் சட்டத்தை அண்ணன் ஊர் உலகத்துக்கே பொதுவாக்கிவிட்டார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

கேன்டீனில் ஒழுகும் குழாயில் டேக். ஆளில்லாத அறையில் சுற்றும் ஃபேனில் டேக். ஒருநாள் அவருடைய பைக்கே புகை கக்கியது. அதற்கும் ஒரு டேக் கட்டிவிட்டு, மெக்கானிக் வரும்வரை படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வந்தார்.

கம்பெனி பஸ் டிரைவர் ஒருவர், ஷிஃப்ட் விடுவதற்கு வெகு நேரம் முன்பே இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டு வைப்பார். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் ஸ்டியரிங்கில் டேக் தொங்கியது.

"இன்னாண்ணா, ஜனங்க வெயில்ல வர்றாங்க, வண்டி ஜில்லுனு இருக்க வேணாமா?"

"ஜனங்க இன்னும் உள்ள லைன்லதாம்பா வேலை செய்றாங்க. இப்ப யாருக்கு ஏசி? சீட்டுக்கா?"

அடுத்த நாளிலிருந்து ஆள் ஏறிய பிறகுதான் இன்ஜின் உறுமியது.

வல்லக்கோட்டையில் அண்ணனுடைய மச்சான் கல்யாணம். பந்தியில் வைக்கவிருந்த பிளாஸ்டிக் டம்ளர் அடுக்கு மொத்தத்துக்கும் டேக் கட்டிவிட்டார். விக்கல் எடுத்தவர்களெல்லாம் எழுந்து போய்க் குழாயில் வாய் வைத்துக் குடித்தார்கள். அண்ணி பல நாள் அவரோடு பேசவில்லை. வீட்டில் ஒலி மாசு குறைந்துவிட்டதாக அண்ணன் என்னிடம் திருப்தியோடு சொன்னார்.

கடைசியில் பிளான்ட் ஹெட்டின் காரிலேயே ஒரு டேக் தொங்கியது. அவர் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார்: "இனிமே லைனுக்கு வெளியில ஒரே ஒரு டேக் கட்டினாலும் நீங்க க்வாலிட்டியில இருக்க மாட்டீங்க. ஸ்டோர்ஸ்ல உக்காந்து நட்டு போல்ட் எடுத்துக் குடுங்க."

அண்ணன் ஆடிப்போய்விட்டார். டிப்ளமா முடித்து வந்த நாளிலிருந்து க்வாலிட்டி மேசையைத் தவிர வேறு இடத்தில் அவர் உட்கார்ந்ததில்லை. அங்கிருந்து போவதென்றால் அவருக்கு உயிர் போகிற மாதிரி.

அப்போது பார்த்துத்தானா சுற்றுச்சூழல் தினம் வரவேண்டும்? எங்கள் கம்பெனியில் அதற்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. பக்கத்து அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை அழைத்து வருவோம். பிளான்ட் ஹெட் பேசுவார், செடி நடுவார், போட்டோ எடுப்போம், பிள்ளைகளுக்கு ஜூஸ் கொடுப்போம். செடி வருஷா வருஷம் புதிது. குழி மட்டும் பழையது. தோண்டுகிற வேலை மிச்சம் என்று அட்மின் ஆட்கள் அதை மூடுவதே இல்லை.

அன்று காலையிலேயே அண்ணன் தன் டேக் கட்டை என் கையில் திணித்தார். "நீயே வெச்சிக்கோ. என் கை சும்மா இருக்காது."

பிளான்ட் ஹெட் நட்டார். கை தட்டினோம். பிள்ளைகள் ஏதாவது கேட்கலாம் என்றார். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் எழுந்தாள். "சார், போன வருஷம் எங்க அக்கா இங்க வந்துச்சு. இதே குழியிலதான் நட்டீங்கன்னு சொல்லுச்சு. அந்தச் செடி எங்க சார்?"

அவள் கேலி செய்யவில்லை. பக்கத்தில் எங்காவது இருக்கும் என்று நிஜமாகவே சுற்றிலும் பார்த்தாள்.

அண்ணன் என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு என்னாலும் மறுக்க முடியவில்லை. ஒரு டேக்கை உருவிக் கொடுத்தேன். அவர் செடிக்கு ஊன்றிய குச்சியில் அதைக் கட்டினார். காரணம் என்ற இடத்தில் "திரும்பத் திரும்ப வரும் குறை" என்று எழுதினார்.

மறுநாள் அண்ணனை ஸ்டோர்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவசரத்தில் பிளான்ட் ஹெட் ஒன்றை மறந்துவிட்டார். டேக் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கிழித்துப் போடலாமென்றால், டேக்கைக் கிழிப்பவர் மீது நடவடிக்கை என்று லைன் நெடுக எழுதி மாட்டியவரே அவர்தான். கார் கம்பெனி ஆடிட்டர்கள் வரும்போது ஒரு டேக் கேட்பாரற்றுத் தொங்கினால் மானம் போய்விடும். குறையைச் சரிசெய்வதைத் தவிர வழியில்லை. கேன்டீனில் கை கழுவும் தண்ணீரைப் பைப் போட்டு அந்தக் குழிக்குத் திருப்பினார்கள். சுற்றி வலை கட்டினார்கள். சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போக ஏற்பாடாயிற்று. மழைக்காலம் முடிந்தபோது அந்தப் புங்கங்கன்று இடுப்பளவு நின்றது.

ஆடிட் நெருங்கியது. பிளான்ட் ஹெட்டே அண்ணனைச் செடியிடம் அழைத்து வந்தார். நானும் பின்னால் போனேன்.

"செடி நல்லா வந்துடுச்சு. கையெழுத்துப் போடுங்க. திங்கக்கிழமை க்வாலிட்டிக்கு வந்துடுங்க."

அண்ணன் பேனாவை எடுத்தார். ஒரு துளிரை விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஒரு வெய்யக்காலம் தாண்டட்டும் சார்."

"அதுவரைக்கும் நீங்க ஸ்டோர்ஸ்லதான்."

"சரி சார்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. "ஏண்ணா, ஒரு கையெழுத்துதானே? போட்டுட்டு வரவேண்டியதுதானே?"

"போட்டேன்னு வெச்சிக்கோ, அன்னிக்கே பைப்பப் புடுங்கிகினு போயிடுவாங்கடா. சனிக்கெழம புள்ளைங்க வந்தா எதைப் பாக்கும்?"

ஸ்டோர்ஸில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அங்கேதான் போகிறேன். அவர் இல்லாத மேசையில் எனக்குச் சோறு இறங்குவதில்லை.