மேடையில் மூன்று கதிரைகள்

"பிக்குட கதிரை மத்த ரெண்டையும் விட ஒசரமா இரிக்கணும் சேர். வெள்ளைத் துணியும் விரிக்கணும். அதுதான் முறை" என்றார் மேடை ஒழுங்குக்கு உதவ வந்திருந்த கிண்ணியாக்காரர் கலீலுர் றஹ்மான்.

சோமசேகரம் மணிக்கூட்டைப் பார்த்தார். நான்கு மணிக்குக் கூட்டம். தலைப்பு, ‘இருப்பது எது?’ சைவமும் இஸ்லாமும் பௌத்தமும் இதற்கு என்ன சொல்கின்றன என்று ஒரு புலவரும் ஒரு மௌலவியும் ஒரு பிக்குவும் பேச வருகிறார்கள். ஓய்வுபெற்ற அளவையியல் ஆசிரியரான அவர் நடத்தும் சிந்தனை வட்டத்துக்கு இதுவரை ஒழுங்காக வந்தவர் மனைவி குணேஸ்வரி மட்டும்தான். வந்து நித்திரை கொள்வார். இன்றும் சனம் வராவிட்டால் வட்டத்தை இழுத்து மூடுவதாக மனைவியிடம் சத்தியம் பண்ணியிருந்தார்.

ஓர்ஸ் ஹில் மண்டபத்தின் மூலையில் பலகைப் பெட்டிகள் கிடந்தன. பிக்குவின் கதிரை ஒரு பெட்டியின்மேல் ஏறியது.

"அப்ப எங்கட புலவர் கீழயோ?" சைவ மாதர் சங்கத்து ஜெயரூபி இடுப்பில் கை வைத்தார். "எண்பது வயது மனிசன்!"

புலவருக்கும் ஒரு பெட்டி. இரண்டும் சமமாகிவிட்டதால் பிக்குவுக்கு இன்னொன்று.

"இப்ப எங்கட மௌலவி கிணத்துக்குள்ள இரிக்கிற மாதிரி இரிக்கி!" றஹ்மான் பதறினார். "படம் பேஸ்புக்கில வந்தா நான் எப்பிடிக் கிண்ணியாவுக்குப் போற?"

மௌலவியின் கதிரை மேசைமேல் ஏறியது. இப்போது பிக்குவின் கதிரை தாழ்ந்து போனது. இந்தக் கோலத்தைச் சனம் பார்க்கக்கூடாதென்று சோமசேகரம் ஓடிப்போய் வாசற்கதவைச் சாத்தினார்.

கதிரைகளை இறக்கிப் பாய் விரித்தார்கள். புலவருக்கு முழங்கால் மடங்காதாம். பாயைச் சுருட்டினார்கள்.

"எல்லாரும் நிண்டுகொண்டு பேசட்டும்!" என்றார் சோமசேகரம்.

"ரெண்டு மணித்தியாலமோ சேர்?"

சோமசேகரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "‘நான்’ எண்டு ஒண்டில்லை எண்டு சொல்ல வாறார் ஒருத்தர். நான், எனது எண்டதை விடு எண்டு சொல்ல வாறார் மற்றவர். படைச்சவன் தந்தாத்தான் எதுவும் இருக்கும் எண்டு சொல்ல வாறார் மூண்டாமவர். அவைக்கு நாங்கள் உயரம் அளந்துகொண்டு நிக்கிறம்!"

"நீங்கள் சொல்லுறது சரி சேர்" என்றார் ஜெயரூபி. "ஆனா புலவர் கீழ இருக்க ஏலாது."

மறுபடியும் பெட்டிகள் ஏறின. மேசைக்கால் முறிந்தது. முறிந்த காலுக்கு முட்டுக் கொடுத்து, மூன்று கதிரைகளும் ஒருவாறு நின்றபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. சோமசேகரம் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். வாசலில் ஒரு சோடிச் செருப்புக்கூட இல்லை.

முன்வரிசையில் குணேஸ்வரி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"பேச வந்தவையும் இல்லை, கேக்க வந்தவையும் இல்லை." சோமசேகரம் மேடை விளிம்பில் குந்தினார். "முடிஞ்சுது. வட்டத்தை மூடுவம்."

மண்டபத்தைக் கூட்ட விளக்குமாறுடன் வந்த மைமூனா மேடையைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"என்ன சேர் இது? அவங்க மூணு பேரும் நாலு மணிக்கே வந்து, கதவு சாத்திக் கிடக்கெண்டு முன்னால தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில ஒண்டா இரிந்து பேசி முடிச்சிட்டுப் போயிட்டாங்களே, கேக்க வந்த சனத்தால றோட்டே அடைச்சிப் போச்சி!"