பாயில் ஓடிய எல்லைக்கோடு

பிள்ளைகள் கத்தினால் பயப்பட வேண்டாம். சத்தம் கேட்கிற வரைக்கும் வீடு பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். சத்தம் நின்றால்தான் எழுந்து ஓட வேண்டும். இந்த ஞானம் எனக்குப் பத்தாம் வகுப்பிலேயே வந்திருந்தால், எங்கள் சபை உபதேசியாரின் வெள்ளை வேட்டி இன்னும் கொஞ்ச காலம் உழைத்திருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கேரள எல்லைக்குள் குன்னத்துகால் பக்கம் எங்கள் வீடு. அப்பா ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வெட்டுக்காரர். அம்மாவுக்கு முந்திரி ஆலையில் வேலை (அண்டியாப்பீஸ் என்றால்தான் எங்கள் ஊரில் புரியும்). அவள் வீடு திரும்ப ஆறு மணியாகும். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருகிற மூன்று பிசாசுகளும் அதுவரை என் பொறுப்பு. ஷிபு, ஷிஜு இருவரும் இரட்டையர், இரண்டாம் வகுப்பு. கடைக்குட்டி பின்சி ஒன்றாம் வகுப்பு. பார்க்கப் பாவமாக இருப்பாள் (நம்பிவிடாதீர்கள்).

வாசலில் நுழையும்போதே பைகள் பறக்கும். ஒருத்தன் பலாமரத்தில் இருப்பான். இன்னொருத்தன் ஆட்டுக்குட்டிக்கு என் பவுடரைப் பூசிக்கொண்டிருப்பான். பின்சி இரண்டு பேரையும் என்னிடம் காட்டிக்கொடுத்துக்கொண்டே மூன்றாவதாக ஏதாவது செய்வாள். நாள் முழுக்க வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், மாட்டிக்கொண்டால் மட்டும் பள்ளிக்கூட மலையாளத்துக்குத் தாவிவிடுவார்கள். "ஞானல்லா! இவனா!" (நானில்லை, இவன்தான்) என்று ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். இரண்டு பேருக்கும் ஒரே முகம் என்பதால் யாரை அடிப்பது என்று எனக்குக் குழப்பம் வந்துவிடும். நியாயமாக இருக்கட்டும் என்று இரண்டு பேரையும் அடிப்பேன்.

அந்த டிசம்பரில் எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. சபையின் கிறிஸ்துமஸ் கேரல் குழுவோடு வீடு வீடாகப் பாடப் போக வேண்டும். என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் போனார்கள். நான் மட்டும் வருடா வருடம் ஜன்னல் வழியாக அவர்களின் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"நீ பாடப் பெய்யிட்டா இதுங்கள ஆரு பாப்பா?" என்பாள் அம்மா. இந்த முறை நான் இரண்டு வேளை சோறு உண்ணாமல் கிடந்ததில் கொஞ்சம் இறங்கி வந்தாள்.

"வெள்ளிக்கிழம நம்ம வீட்டுல ஜெபக்கூட்டம் உண்டு. உபதேசியாரு வாறாரு. அண்ணைக்கு ஒரு சாயங்காலம் இதுங்கள அடக்கி நிறுத்திக் காட்டு. பெறவு பாப்பம்."

உபதேசியார்தான் கேரல் குழுவுக்கும் தலைவர். அவர் கண்ணெதிரே பரீட்சை என்றால் சும்மாவா?

வெள்ளிக்கிழமை வந்தது. அடுத்த வீட்டுத் தங்கம் மாமி, முன்னறைக்கு விரிக்கத் தன் புதுக் கோரைப்பாயைத் தந்தாள். "பத்திரமாக்கும் பிள்ளை" என்று ஒரு எச்சரிக்கையும் சேர்த்துத் தந்தாள். நான் வீட்டைப் பெருக்கிப் பாயை விரிப்பதற்குள் ஷிபு திரைச்சீலையில் தொங்கினான். பின்சி பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாள். நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு எங்கே போய்ப் பாடுவது?

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது (அது வேலை செய்யாமலே இருந்திருக்கலாம்). காலையில் தூறல் இருந்ததால் அப்பா அன்று தாமதமாகத்தான் மரம் வெட்டியிருந்தார். வாளியின் அடியில் கொஞ்சம் ரப்பர் பால் கட்டியாகாமல் மிச்சம் கிடந்தது. அந்தப் பாலைக் கையில் பூசிக் காயவைத்துத் தோல் மாதிரி உரிப்பதற்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் உயிரையே கொடுப்பார்கள். ஆளுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறையப் பாலைக் கொடுத்துப் பலாமரத்தடியில் உட்காரவைத்தேன்.

சத்தம் நின்றது.

எனக்கு என் சாமர்த்தியத்தை நினைத்துப் புல்லரித்தது. உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் நின்று பாடிப் பழகினேன். ஒரு மணி நேரம் வீடு தேவாலயம் போல இருந்தது. வெளியே வந்து பார்த்தால், மூன்று பேரும் முன்னறையில் கை கழுவித் தலை சீவிச் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பிறகு நடந்த விசாரணையில் தெரிந்தது இதுதான். தூறல் விழுந்ததும் சிரட்டைகளோடு உள்ளே வந்திருக்கிறார்கள். பாயில் யாருக்கு எந்தப் பாதி என்று சண்டை. எல்லையோரத்துப் பிள்ளைகள் அல்லவா? பாயின் நடுவே பாலைக் கெட்டியாக ஊற்றி எல்லை போட்டுவிட்டார்கள். இந்தப் பக்கம் ஷிபுவின் கேரளம், அந்தப் பக்கம் ஷிஜுவின் தமிழ்நாடு. மிச்சப் பாலில் பின்சி ஒரு செக்போஸ்ட் கட்டியிருக்கிறாள். வோல்டேஜ் இல்லாமல் மினுங்கிய பல்பு வெளிச்சத்தில் அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

அம்மா வந்து பார்த்து, "பரவாயில்லியே" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது பெரிய காரியம். ஆட்கள் வந்தார்கள், பாட்டு முடிந்தது. எல்லாரும் ஜெபத்துக்கு முழங்கால் ஊன்றி முட்டுக்குத்தினார்கள். உபதேசியார் சரியாகப் பாயின் நடுவில் முட்டுக்குத்தினார்.

ஷிஜு என் பாவாடையை இழுத்தான். "எக்கா, அங்க..."

"ஜெபத்துல பேசப்பிடாது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடையில் கிள்ளினேன். "எக்கா, பார்டர்..." என்றான். இன்னும் பலமாகக் கிள்ளினேன்.

உபதேசியாரின் ஜெபம் சின்ன ஜெபமல்ல. நாட்டை ஆளுகிறவர்களில் தொடங்கி, ரப்பர் விலை வழியாக, தங்கம் மாமியின் மூட்டுவலி வரைக்கும் வந்து சேர்ந்தார். அத்தனை நேரமும் அவருடைய முழங்கால் சூட்டில் பால் வேட்டியோடு சேர்ந்து நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் "ஆமென்" சொல்லி எழுந்தார்.

பாயும் எழுந்தது.

மறு ஓரத்தில் முட்டுக்குத்தியிருந்த தங்கம் மாமி நிலைகுலைந்து, "ஏசுவே!" என்று அம்மாவின் மடியில் போய் விழுந்தாள். உபதேசியார் ஒரு கையால் வேட்டியையும் மறு கையால் பாயையும் பிடித்துக்கொண்டு நின்றார். "எலே, இது பாலாக்குமா?" என்று கேட்டார். இரட்டையர் ஒரே குரலில் "ஞானல்லா!" என்றார்கள்.

பின்சி மட்டும் தெளிவாகச் சொன்னாள்: "செக்போஸ்ட்டுல நிக்காம உள்ள கேறிட்டாரு, அதாக்கும்."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் மனசுக்குள் மறுபடியும் அந்த ஜன்னலுக்கே போய்விட்டேன். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனால் உபதேசியார் பாயைப் பிடித்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்பாவின் கைலியை உடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "பிள்ள கேரலுக்கு வரட்டு" என்றார். நான் துள்ளி முடிப்பதற்குள், "இந்த மூணையும் கொண்டு வா மக்கா. இஞ்ச விட்டுட்டு வந்தா வீடு இருக்காது" என்றார்.

கேரலுக்குப் போனேன். ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். ஒரு பாட்டைக்கூட முழுதாகப் பாடவில்லை. தங்கம் மாமியோ, அந்தப் பாயைப் பற்றி இன்றைக்கும் விசாரிக்கிறாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் பாயை உள்ளங்கையால் தடவிப் பார்க்காமல் முட்டுக்குத்துவதில்லை. ஷிபுவுக்குக் கல்யாணமாகி வந்த பெண், முதல் நாள் ஜெபத்திலேயே இதைக் கவனித்துவிட்டாள். எல்லாரும் குனிந்து பாயைத் தொடுவதைப் பார்த்துப் பயபக்தியோடு அவளும் தொட்டாள். இப்போது தன் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறாள்: "மொதல்ல பாயத் தொடணும் மக்களே. அது உங்க அப்பா குடும்பத்துப் பக்தியாக்கும்."

ஷிபு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நாங்கள் யாரும் இதுவரை அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை.